மிச்ச வலை

1

வானொலியில் பேசப் போகிறவன் சட்டைப் பையில் சாவிக்கொத்து வைத்திருக்கக் கூடாது. கஞ்சி போட்ட சட்டை கூடாது. கையை அசைத்தால் ஒலிவாங்கியில் அது சருகு எரிவதுபோலக் கேட்கும். காகிதத்தில் எழுதிக்கொண்டு வரலாம், புரட்டக் கூடாது. பால் குடித்துவிட்டு வரக் கூடாது, தொண்டை கட்டும். கால் மணி நேரம் முன்னால் வர வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றை எடுத்து வர வேண்டும்; அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத நேயர்களுக்கு வாயால் காட்ட வேண்டும். அந்தப் பொருளின் படத்தை மூன்று நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும், வானொலியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு.

சுகந்தி அனுப்பிய இந்தப் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். பாரிஸுக்கு வடக்கே, எங்கள் புறநகரில், ஒரு கறிக்கடையின் மாடியில் இரண்டு அறைகளில் நடக்கும் தமிழ் வானொலி அது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு விருந்தினரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச வைப்பார்கள். பேச வைப்பவள் சுகந்தி. எதிர்க்கரைக்காரி. நம் மணலில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் இருக்கிறதென்று காரைக்காலில் எல்லோருக்கும் தெரிந்த கரை. அவள் அப்பா, அண்ணன்மார் எல்லாருக்கும் அங்கே கடல் தொழில்தான்.

"பயப்படாதேங்கோ அண்ணா. நாங்கள் என்ன வழக்கோ விசாரிக்கப் போறம்? சும்மா கதைக்கிறதுதானே," என்றாள் போனில்.

நான் காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரிக்காரன். இந்த ஐப்பசியோடு இங்கே வந்து இருபது வருஷம். என் மனைவி மலரின் தாத்தா, பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது அவன் குடிமகனாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர். அந்தக் கையெழுத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் இந்தக் குளிருக்கு வந்தேன். தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. யாரோ யாருக்கோ எழுதியதை எடுத்து, யாருடைய பெட்டியிலோ போடுகிற வேலை. மீதி நேரத்தில் கவிதை என்றும் சொல்ல முடியாத, உரைநடை என்றும் சொல்ல முடியாத எதையோ எழுதுகிறேன். போன வருஷம் அது ஒரு சின்னப் புத்தகமாக வந்தது. அதில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சுகந்தி என்னைக் கூப்பிட்டாள். ஒரு வலை மிதவையைப் பற்றிய பக்கம். 'கடல் தானே கொண்டுவந்து என் கையில் வைத்தது' என்று முடியும்.

"அந்த மிதவையையே கொண்டு வாங்கோ அண்ணா," என்றாள். "அதைவிட நல்ல பொருள் வேற என்ன இருக்கு?"

2

உள்ளங்கையில் அடங்கும் மிதவை. ஒருகாலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். வெயிலும் உப்பும் தின்று பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் கயிறு போகும் ஓட்டை. ஒரு பக்கத்தில், காய்ச்சிய கம்பியால் சுட்டு வைத்த குறி: ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். எத்தனையோ வரிகள் அதன் அடியில் இரவு தங்கியிருக்கின்றன. அந்தக் குறியை ஒருநாளும் ஒரு கேள்வியாக நான் பார்த்ததில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான். அழகு வந்து கண்ணை மறைத்தால் கேள்வி எப்படித் தெரியும்?

அதைத் தந்தவன் என் அண்ணன் செல்வம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, துறைமுகத்தில் அவன் வேலை பார்க்கும் விசைப்படகில் ஏறிப் பார்த்தேன். படகு அவனுடையதல்ல, பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடையது. அண்ணன் அதில் ஓட்டி. டீசலும் செவுளும் நாறும் அந்த மேல்தட்டில் எனக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஏதோ மூலையில் கையை விட்டு அதை எடுத்தான்.

"இந்தாங்க கவிஞரே. பாரீசுக்கு எடுத்துக்கிட்டுப் போ. ஏர்போட்டுல கேட்டா வெடிகுண்டுன்னு சொல்லு."

"ஏதுண்ணே இது?"

சிரித்தான். சின்னச் சிரிப்பு, வாயைத் திறக்காமல், மூக்கு வழியாக வரும் சிரிப்பு. "கரையில ஒதுங்குச்சு."

"குறியெல்லாம் போட்டிருக்கு."

"கடல் போட்டிருக்கும். எழுது, போ."

நான் எழுதினேன். அவன் சொன்னதை எழுதினேன். படகின் முகப்பில் மிதவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க, ஒரு படமும் எடுத்தேன். நல்ல படம். மாலை வெயில், அவன் பல், மிதவை, பின்னால் அரசலாறு கடலோடு கலக்கும் கலங்கல். சுகந்திக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். புதன்கிழமை. தபால்காரன் அனுப்பியது, சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

3

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் இனியா எனக்குப் பயிற்சி கொடுத்தாள். பதினாறு வயது. பள்ளியில் இப்படி வாய்மொழித் தேர்வு வைப்பார்களாம், கேள்வியும் பதிலும் பதிவு செய்து திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்வார்களாம். தமிழில் அவள் பேசும்போது 'ர' தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எனக்குத் தமிழில் கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சம். சுகந்தி அனுப்பிய கேள்விகளைப் போனில் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தாள்.

"இங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்."

"பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா?"

"நல்லாப் பேசுறாங்க. வீட்ல முழுக்கத் தமிழ்தான்."

அவள் ஒரு புருவத்தைத் தூக்கினாள். "அந்த மிதவை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

"கரையில ஒதுங்குச்சு. அண்ணன் எடுத்து வச்சிருந்தார்."

அரை மணி நேரம் இப்படிப் போனது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினாள். பதிவில் என் குரல் யாரோ ஒருவருடையதுபோல் இருந்தது. நான் வெட்கப்பட்டேன். அவள் வெட்கப்படவில்லை, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இங்க ஏன் சிரிக்கிறீங்க?"

"எங்க?"

ஓட்டினாள். 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்பதற்கு முன்னால், மூக்கு வழியாக, ஒரு சின்னச் சிரிப்பு. நான் சிரித்ததே எனக்குத் தெரியாது.

"அப்புறம் இங்க." 'வீட்ல முழுக்கத் தமிழ்தான்' என்பதற்கு முன்னாலும் அதே சிரிப்பு. "இது பொய். எனக்குத் தெரியும், நான்தான் அந்த வீட்ல இருக்கேன்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

"மொதல்ல சொன்னதும் பொய்தான்," என்றாள், சிரிப்பு அடங்கியதும். "அம்மா முதுகு வலியோட முதியோர் இல்லத்துல தூக்கி இறக்கிக்கிட்டு இருக்காங்க. எல்லாரும் நல்லா இல்ல."

"சரிம்மா."

"அரை மணி நேரத்துல மூணே தடவதான் இப்படிச் சிரிக்கிறீங்க. மூணாவது இது."

ஓட்டினாள். சிரிப்பு. பிறகு என் குரல்: 'கரையில ஒதுங்குச்சு.'

அவள் எதுவும் குற்றம் சாட்டவில்லை. கணக்குப் பாடத்தில் மூன்றாவது வரியைக் கேட்பதுபோல் கேட்டாள்: "இதுவும் பொய்யா?"

"இல்ல. பெரியப்பா சொன்னதுதான். நான் நம்பித்தான் சொல்றேன்."

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

நம்பிச் சொன்ன ஒன்றுக்கு என் மூக்கு ஏன் முந்திக்கொண்டது? அந்தச் சிரிப்பை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? கேட்டிருக்கிறேன். டீசல் நாறும் மேல்தட்டில், 'கரையில ஒதுங்குச்சு' என்பதற்கு ஒரு நொடி முன்னால். வார்த்தையை வாங்கியபோதே அதன் முன்னால் ஒட்டியிருந்த சிரிப்பையும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறேன். கேட்ட அன்றைக்கே எனக்குள் யாருக்கோ தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாத அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தும், நான் கவிதை எழுதியிருக்கிறேன்.

இது எங்கள் குடும்பச் சிரிப்பு. எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. குடியுரிமைக்காக பிரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் நேர்காணல் நடந்த அன்றும் இந்தச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் ஆகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். உடன்பிறந்தவர்? ஒரு அண்ணன், மீனவர். எங்கே இருக்கிறார்? 'ஊரில்தான் இருக்கிறார்' என்றேன். அண்ணன் அந்த மாதம் எதிர்க்கரையில் சிறையில் இருந்தான். எல்லை தாண்டி மீன் பிடித்தான் என்று படகோடு பிடித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாளும் பதிலுக்குச் சிரித்ததாக ஞாபகம். இங்கே சிரித்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணனைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். இனி ஒருதரம் இந்தப் பக்கம் பிடிபட்டால் வருஷக் கணக்கில் உள்ளே என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அந்தக் காகிதத்தை அவன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கீழே அவன் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் உருண்டையாக.

நான் ஊருக்குப் போனது அதற்குப் பிறகு. அவன் மிதவையைத் தந்தது அதற்குப் பிறகு.

4

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். இந்திரா அண்ணி ஏலத்தில் மீன் எடுத்து வரிச்சிக்குடி, விழிதியூர்ப் பக்கம் வண்டியில் கொண்டுபோய் விற்பவர். எப்போது பேசினாலும் பின்னால் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஓடவில்லை.

"என்ன தம்பி, ரேடியோவுல பேசப் போறீங்களாமே. தெருவே கேக்கப் போவுது. பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல வச்சித் தரேன்னுச்சு."

"அண்ணி, அந்த மிதவை. அண்ணன் குடுத்துச்சே. அது ஏது?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது.

"அத ஏன் இப்ப எடுக்குறீங்க?"

"சொல்லுங்க அண்ணி."

"கரையில ஒதுங்குச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன். ஊரே அப்படித்தானே சொல்லும். பாதி மிதப்பு ஒதுங்கத்தானே செய்யுது."

"இது ஒதுங்கல."

அண்ணிக்கு எங்கள் குடும்பச் சிரிப்புக் கிடையாது. வேறு வீட்டுப் பெண்.

"இழுவை வலை மடியில வந்துச்சு தம்பி. அந்தப் பக்கத்து ஆளுங்க சின்னப் படகுல வந்து ராவுல வலைய விட்டுட்டுக் கெடப்பாங்களாம். இவங்க இழுக்குற மடி அதுக்கு மேல போவுது. வலை, கயிறு எல்லாம் சிக்கிக்கிட்டு மேல வரும். அறுத்துக் கடல்லேயே தள்ளிட்டு வந்துடணும். ஒண்ணையும் கரைக்கு எடுத்துட்டு வரக் கூடாது. எல்லாப் படகுலயும் அதான் வழக்கம். இவரு ஒரே ஒரு மிதப்ப வச்சிக்கிட்டாரு. ஏன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. தம்பி வந்ததும் உங்க கையில குடுத்துட்டாரு. வீட்ட விட்டுப் போனாப் போதும்னு நெனச்சேன் நானும்."

"எழுதிக் குடுத்துட்டு வந்த பொறவு போயிருக்கு."

"போவாம? படகுக்காரரு போன்னா போவணும். இந்தப் பக்கம் என்ன இருக்குங்குறீங்க? வாரி வழிச்சாச்சு." பிறகு குரல் தாழ்ந்தது. "இப்பவும் போயிருக்கு தம்பி. செவ்வாக்கிழமை போனது. நாளைக்கு வரணும். வாடைக்காத்து வேற எடுத்துருச்சு. அத உட்டுத் தள்ளுங்க, அந்த மிதப்ப மட்டும் எடுத்துட்டுப் போவாதீங்க. வேற எதாவது எடுத்துட்டுப் போங்க. ஒரு குத்துவிளக்கு இல்லியா வீட்ல?"

"படம் அனுப்பிட்டேன் அண்ணி."

"என்ன படம்?"

"அண்ணன் படகு முன்னாடி நின்னு, மிதவையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு."

அதற்குப் பிறகு அவர் கேட்டது எனக்குத் தோன்றியே இருக்காத கேள்வி. எழுத்தில் பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் அண்ணிக்குத் தோன்றியது.

"முகப்புல படகு நம்பரு தெரியுதா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கினேன். அண்ணன் முழங்காலுக்குக் கீழே, வெயில் பட்டு, கறுப்புப் பெயின்டில், ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் எண்ணும்.

"தெரியுது," என்றேன்.

5

சுகந்தி உடனே போனை எடுத்தாள். படத்தை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

"எடுத்திட்டன் அண்ணா. காலமையே எடுத்திட்டன்." அவள் குரலில் அந்தப் பழைய குதூகலம் இல்லை; ஆனால் கோபமும் இல்லை. மரியாதை கூடியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "ஆனா ரெண்டு நாள் கிடந்தது. கன பேர் பகிர்ந்திட்டினம். எங்கட ஊர்ப் பக்கமும் போயிருக்கு."

"நம்பர் தெரியுது சுகந்தி."

"தெரியும். நானும் வடிவாப் பாக்காமல்தான் போட்டனான். அண்ணா, கம்பியால சுடுற குறி எங்கட பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. இருட்டில கையால தடவிப் பாத்தே ஆரின்ர வலை எண்டு சொல்லலாம். உங்கட புத்தகத்தில வட்டமும் கோடும் எண்டு படிக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது. அதுக்குத்தான் கொண்டு வாங்கோ எண்டனான்."

அவ்வளவு நாளும் அந்த அழைப்பை நான் என் வரிகளுக்குக் கிடைத்த மாலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஐயா எழுதியிருக்கிறார். அது தன்ர குறி எண்டு. நாளைக்கு நிகழ்ச்சியில போனில வாறன் எண்டு கேட்டவர். நான் ஓமெண்டு சொல்லிட்டன். உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் அது சரியில்லை. வாறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

"விசாரிக்கப் போறதில்லன்னு சொன்னீங்களே."

"விசாரிக்கேல்லை அண்ணா. அவர் கதைக்கப் போறார்."

மலர் அன்று வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகுக்குச் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு கேட்டாள். "காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுங்க," என்றாள் முதலில். கொஞ்சம் கழித்து, "போவலன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "போனாலும் அப்படித்தான்."

இனியா மட்டும் எதற்கு இவ்வளவு பேச்சு என்பதுபோல் பார்த்தாள். "உண்மையச் சொல்லிடுங்களேன்." அவளுக்கு அது எளிது. அவளுடைய கடல், கோடையில் இரண்டு வாரம் குடை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் கடல். அதன் நடுவில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

6

சனிக்கிழமை. சாவிக்கொத்தைக் கீழே கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன சட்டை. பால் குடிக்கவில்லை. பட்டியலில் சொன்ன எல்லாவற்றையும் செய்திருந்தேன். மிதவை கோட்டுப் பையில் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேசையில் அதை விட்டுவிட்டு வாசல் வரை வந்தேன். திரும்பப் போய் எடுத்தேன்.

படியில் ஏறும்போது அண்ணியின் குரல்செய்தி: "இன்னும் வரல தம்பி. மத்த படகு ரெண்டு வந்துருச்சு. இவங்களக் காணும். வாக்கிடாக்கியில கூப்புட்டுப் பாத்தாங்களாம், புடிக்கல. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

காரைக்காலில் அப்போது இரவு ஏழரை. அவர்கள் தெருவில் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் இருபது நிமிஷம் சுகந்தி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகம், தபால் கூடம், மலரின் தாத்தா போட்ட கையெழுத்து. 'பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா' என்று கேட்டபோது மூக்கு முந்தப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, "குறைச்சலாத்தான் பேசுறாங்க," என்றேன். வீட்டில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு மிதவை. எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு பார்ப்பவர் நிமிர்ந்து பார்த்தார். சுகந்தி அதைத் தொடவில்லை.

"உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணா. நேயர்களுக்கு இது எப்படி இருக்கிறது?" ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

சொன்னேன். நிறம், எடை, ஓட்டை, என் மேசையில் காகிதம் பறக்காமல் அது உட்கார்ந்திருப்பது. வட்டம், கோடு.

"இணைப்பில் ஓர் ஐயா காத்திருக்கிறார். சொல்லுங்கோ ஐயா."

முதலில் காற்றுதான் வந்தது. வாசலில் நின்று பேசுகிறார் போலிருக்கிறது. பிறகு ஒரு குரல். கரகரப்பு, ஆனால் அவசரமில்லாதது.

"வணக்கம் தம்பி."

"வணக்கம் ஐயா."

"உங்கட கதை கேட்டுக்கொண்டிருந்தன். நல்லாக் கதைக்கிறியள். நீங்கள் சொன்ன குறி என்ர. என்ர அப்பா வச்ச குறி." இருமினார். "தம்பி, ஒண்டே ஒண்டுதான் கேக்கோணும். மிச்ச வலை எங்க?"

நான் ஆயத்தம் செய்த எந்தக் காகிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை. யார் எடுத்தது, எந்தப் படகு, எந்த நாள், இவற்றுக்கெல்லாம் என்னிடம் பதிலோ பொய்யோ இருந்தது. வலைக்கு இல்லை. ஒரு மிதவைக்குப் பின்னால் ஒரு வலை இருக்கும் என்பதையே நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஒரு பக்கம் எழுதினேன், அதில் கடல் இருந்தது, நிலா இருந்தது, வலை இல்லை.

வானொலியில் அமைதி கூடாது. சுகந்தி விரலைச் சுழற்றிக் காட்டினாள், பேசுங்கள் என்று. மூக்கின் அடியில் அந்தச் சிரிப்பு வந்து நின்றது. கரையில ஒதுங்குச்சு. இரண்டே வார்த்தை. சொன்னால் அந்த ஐயா, 'ஓம் தம்பி, ஒதுங்கியிருக்கும்' என்று மரியாதையாகப் போனை வைத்துவிடுவார் என்றும் தெரிந்தது. தெருவில் அண்ணி மூச்சு விடுவார்.

சிரிப்பை விழுங்கினேன். விழுங்கியதும் பொய்க்கு முன்னால் போட எதுவும் இல்லாமல் போயிற்று.

"அறுத்துக் கடல்ல தள்ளிட்டாங்க ஐயா," என்றேன். "இது கரையில ஒதுங்கல. என் அண்ணன் வேலை செய்யிற படகோட மடியில வந்தது. நான் தப்பா எழுதிட்டேன்."

காற்று. எங்கோ ஒரு நாய் குரைத்தது, எதிர்க்கரையில்.

"ஓம்," என்றார் அவர். "ஓம் தம்பி." அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உங்கட அண்ணன் இப்ப எங்க நிக்கிறார்?"

"கடல்ல. இன்னைக்கு வந்திருக்கணும். வரல."

"என்ர மகனும் கடலிலதான். புது வலையோட போனவன். கடன்பட்டு எடுத்த வலை." மறுபடி இருமல். "இஞ்ச காத்து மாறிட்டுது தம்பி. அந்த மிதவையை அனுப்பிவிடுங்கோ. உங்களுக்கு அது காகிதம் பறக்காமல் வைக்கத்தானே."

இணைப்பு அறுந்தது. சுகந்தி ஒரு பாட்டைப் போட்டாள். அது ஓடிய நேரம் முழுவதும் நாங்கள் இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7

படகு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. இயந்திரம் பழுதாம், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்ததாம். அண்ணி அந்தச் செய்தியைத் தன் குரலில் சொல்லவில்லை; பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்ல வைத்தார். படகுக்காரர் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார். அண்ணன் கரையில் கால் வைத்ததும், "உன் தம்பிதான் நல்லாப் பேசுறானே, அவங்கிட்டயே வேலை கேட்டுக்க," என்று சொல்லிவிட்டாராம். எதிர்க்கரையில் அந்த ஐயாவின் மகன் திரும்பினானா என்று சுகந்தியிடம் கேட்டேன். திங்கட்கிழமை விடியலில் வந்துவிட்டான் என்றாள். பாதி வலையோடு.

மிதவையைப் பெட்டியில் வைத்து, சுகந்தி தந்த ஐயாவின் முகவரியை எழுதி, என் கூடத்திலேயே அனுப்பக் கொடுத்தேன். சுங்கப் படிவத்தில் நாலைந்து கட்டங்கள் உண்டு: அன்பளிப்பு, ஆவணம், வணிக மாதிரி, திருப்பி அனுப்பும் பொருள். இருபது வருஷமாக ஊருக்குப் போகும் பெட்டிகளில் எல்லாம் அன்பளிப்பு என்றே கோடு போட்டு வந்த கை. இந்தத் தடவை நாலாவது கட்டத்தில் கோடு போட்டது.

அண்ணன் என் அழைப்பை எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு குரல்செய்தி மட்டும் வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம், யாரோ கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தும் சத்தம்.

"வேற படகுல ஏறியிருக்கேன். இது அந்தப் பக்கம் இன்னும் உள்ள போற படகு. எங்கன்னு கேக்காத. யார்கிட்டயும் பேசாத."

நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வார்த்தைகளுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு நொடியைத் தேடினேன். கடைசியில் இனியாவைக் கூப்பிட்டு, போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பின்னுக்கு இழுத்து இன்னொரு தடவை கேட்டாள்.

"இல்லப்பா," என்றாள். "பெரியப்பா எங்கயும் சிரிக்கல."